சார், ஒரு சின்ன பிரச்சனை

(ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் கொண்டுவந்தது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த நிகழ்ச்சிக்குப் பேசக் கூப்பிட்டப்போ, "சார், காலேஜ் சேரப் போற பசங்களுக்குப் பாதுகாப்பு, நன்னடத்தை பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த ரெண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தாலே பசங்களுக்குக் காது தானா மூடிக்கும். முதல் வருஷம், முதல் நாள், ஆடிட்டோரியம், மின்விசிறி சத்தம், மேடையில ஒருத்தர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு "மாணவக் கண்மணிகளே"ன்னு ஆரம்பிப்பார். பின்வரிசையில பாதிப் பேர் தூக்கம். எனக்கு இது எப்படித் தெரியும்னா, அந்த மைக்கைத் தட்டின ஆள் பல வருஷம் நான்தான்.

திருச்சி பக்கம் ஒரு கல்லூரியில இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். அதுல 19 வருஷம் ஆண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளர் வேலையும் சேர்த்து. விடுதி கேட்டை ஒட்டியே குவார்ட்டர்ஸ். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. திறந்தா ரெண்டு பேர் நிப்பாங்க. ஒருத்தன் பேசுவான், இன்னொருத்தன் தரையைப் பார்ப்பான். பேசறவன் எப்பவும் ஒரே வாக்கியத்துலதான் ஆரம்பிப்பான்: "சார், ஒரு சின்ன பிரச்சனை."

நிஜமாவே சின்ன பிரச்சனைக்கு யாரும் ராத்திரி வந்து கதவைத் தட்டறதில்ல. ஃபேன் ஓடலைன்னா நோட்டுல எழுதி வெச்சுட்டுப் போயிடுவாங்க. 'சின்ன'ன்னு சொன்னா அது பெரிசு. தரையைப் பார்க்கிறவன் பிரச்சனைதான் அது. அதைவிட முக்கியம், அது ஆரம்பிச்சுப் பல நாள் ஆகியிருக்கும்.

ஒரு பையன் கதையைச் சொல்றேன். மூணாவது வருஷம் பி.காம். அப்பா லாரி செட்டுல மூட்டை தூக்கறவர். பையன் நல்லாப் படிப்பான், அதிகம் பேச மாட்டான். நண்பனுக்கு நண்பன் ஒருத்தன் டீக்கடையில பழக்கமாகியிருக்கான். "என் அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சு போச்சுடா. கேமிங் பணம் கொஞ்சம் வரணும். உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் குடு, மாசம் மூவாயிரம் தரேன்." அவ்வளவுதான் பேச்சு. இவன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்த அக்கவுண்ட்டோட இணைச்ச புது சிம், எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கொடுத்துட்டான். முதல் மாசம் மூவாயிரம் கைக்கு வந்தது. அதுல அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருக்கான். கெட்ட பையன் இல்லைங்கிறதுக்காக இதைச் சொல்றேன்.

ரெண்டாவது மாசம் ஸ்காலர்ஷிப் பணம் அதே அக்கவுண்ட்டுக்கு வந்தது. எடுக்கப் போனா எடுக்க முடியலை. வங்கியில கேட்டா, வேற மாநிலத்து சைபர் க்ரைம் போலீஸ் சொல்லி அக்கவுண்ட்டை முடக்கி வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலமே என்கிட்ட வந்திருந்தா பாதி பாரம் குறைஞ்சிருக்கும். வரலை. பதினோரு நாள் தனியா வெச்சுக்கிட்டு அல்லாடியிருக்கான். அந்த டீக்கடை ஆளுக்குப் போன் மேல போன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "இதைச் சரி பண்ணணும்னா இன்னொரு அக்கவுண்ட் வேணும், உன் ஃப்ரெண்டு யாராவது இருந்தா கேளு." இவனும் ரூம்மேட்கிட்ட கேட்டிருக்கான். ரூம்மேட்டுக்குத்தான் ஏதோ இடறியிருக்கு. பன்னிரண்டாவது நாள் ராத்திரி, கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டான். அந்த ரூம்மேட்டை நான் இன்னைக்கும் நினைச்சுப் பார்க்கிறேன்.

மறுநாள் காலையில அவன் அப்பாவை வரச் சொல்லிட்டு, மூணு பேருமா வங்கிக்குப் போனோம். ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தா, ஒரு நாள் மதியம் நாலு லட்சத்துச் சொச்சம் உள்ளே வந்திருக்கு. பதினோரு நிமிஷத்துல ஆறு துண்டாப் பிரிஞ்சு வெளியே போயிருக்கு. பணம் வந்த இடத்துல ஒரு பேர் இருந்தது. பிறகு போலீஸ்ல சொன்னாங்க, அவர் ரிடையர் ஆன ஒரு ஆள், பிஎஃப் பணம்னு. பையன் அதுவரைக்கும் அழாம இருந்தவன், அங்கதான் உடைஞ்சான். "கேமிங் பணம்னு சொன்னான் சார்"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கிடறேன். தெரியாததாலதான் மாட்டிக்கறாங்க. ஏமாத்தறவன் பணத்தைத் தன் பேர்ல இருக்கற அக்கவுண்ட்ல வாங்க மாட்டான். நம்ம பேர்ல இருக்கறதுலதான் வாங்குவான். அங்கேருந்து இன்னொரு மாணவன் அக்கவுண்ட், அங்கேருந்து வேறொருத்தர், இப்படி நாலஞ்சு கை மாறி, ஏடிஎம்ல பணமாவோ கிரிப்டோவாவோ வெளியே போயிடும். போலீஸ் தேடிக்கிட்டு வரும்போது முதல்ல கிடைக்கிற பேர், ஆதார், போட்டோ எல்லாம் நம்மளோடது. டீக்கடை ஆளுக்குப் பேரே கிடையாது, அவன் கொடுத்த பேரும் பொய். இந்த மாதிரி அக்கவுண்ட்டுக்கு 'மியூல் அக்கவுண்ட்'னு பேர். மியூல்னா கோவேறு கழுதை. பொதி யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது, அடி மட்டும் அதுக்கு விழும். "எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. கார்டையும் சிம்மையும் நீங்களே கொடுத்தது தெரிஞ்சாப் போதும், கேள்வி உங்ககிட்டதான் ஆரம்பிக்கும். அக்கவுண்ட் கொடுத்ததுக்காகக் கல்லூரி மாணவர்கள் கைதான செய்தி நம்ம ஊர்ப் பத்திரிகையிலேயே வந்திருக்கு.

நாங்க மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கே போனோம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். கார்டு கொடுத்த தேதி, அந்த ஆளோட நம்பர், வாட்ஸப் செய்திகள், வாங்கின மூவாயிரம் உட்பட. பையன் அந்தச் செய்திகளை அழிக்கப் போனான், ரூம்மேட்தான் தடுத்திருக்கான். அது இருந்ததாலதான் இவன் பேச்சுக்கு ஒரு ஆதாரம் இருந்தது. அப்புறமும் சுலபமா முடியலை. ரெண்டு தடவை அப்பாவும் பையனும் ரயில் ஏறி வேற மாநிலம் போய் விசாரணைக்கு நின்னாங்க. அப்பாவுக்கு அந்த நாள் கூலி எல்லாம் போச்சு. ஸ்காலர்ஷிப் பணம் பல மாசம் முடங்கிக் கிடந்தது. கடைசி செமஸ்டர் கட்டணத்தைத் துறையில நாங்க சில பேர் சேர்ந்து கட்டினோம். வழக்குல அவனைச் சாட்சியா வெச்சாங்க, குற்றவாளியா இல்ல. அதுவரைக்கும் அந்தக் குடும்பம் பட்ட பாடு இருக்கே.

இது தொடர்பா சில விஷயங்களை மட்டும் சொல்லிட்டுப் போறேன். யுபிஐ-ல பணம் வாங்கறதுக்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்ல, அனுப்பத்தான் போடணும். க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணினா பணம் போகும், வராது. தெரியாத இடத்துலேருந்து உங்க அக்கவுண்ட்டுக்குப் பணம் வந்து, "தப்பா அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க"ன்னு யாராவது கெஞ்சினா, இரக்கப்பட்டு வேற நம்பருக்குப் போடாதீங்க. வங்கிக்கு எழுதிக் கொடுங்க, அவங்க திருப்பி அனுப்பட்டும். வீடியோ காலில் போலீஸ் உடுப்போட வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்"னு சொன்னா, அப்படி ஒரு கைதே நம்ம சட்டத்துல கிடையாது. உங்க பணம் போயிடுச்சுன்னா 1930-க்குக் கூப்பிடுங்க. உடனே கூப்பிட்டா, பணம் கை மாறிக்கிட்டிருக்கும்போதே ஏதாவது ஒரு அக்கவுண்ட்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. பதினோரு நிமிஷத்துல ஆறு துண்டாப் போனதுன்னு சொன்னேன் இல்லையா, அப்போ எவ்வளவு சீக்கிரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

சரி, அடுத்தது ஆறு.

திருச்சியில படிக்க வர்ற பசங்களுக்கு ஆறுன்னா ஒரு மயக்கம். முக்கொம்பு, கல்லணை, கொள்ளிடக்கரை. வெளியூர்ப் பையன், கிணத்துல நீச்சல் பழகினவன், "எனக்கு நீச்சல் தெரியும் சார்"னுதான் சொல்லுவான். கிணத்துத் தண்ணி நின்ன இடத்துல நிக்கும். ஆத்துத் தண்ணி தள்ளும். அது வேற வித்தை.

கொள்ளிடத்துல ரெண்டு ஆபத்து. ஒண்ணு, மணல் அள்ளின பள்ளம். முழங்கால் தண்ணியில நடந்துக்கிட்டே போவீங்க, அடுத்த எட்டு வெச்சா தலைக்கு மேல தண்ணி. மேலேருந்து பார்த்தா எல்லாம் ஒரே நிறம்தான். இன்னொண்ணு, தண்ணி வர்ற விதம். வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள். ஆனா பெருவெள்ளம் எப்போ வரும்? குடகுலயும் வயநாட்டுலயும் மழை கொட்டி, மேட்டூர் நிரம்பி வழியும்போது. அந்த உபரித் தண்ணியை முக்கொம்புல கொள்ளிடம் பக்கம்தான் திருப்பி விடுவாங்க. இங்கே திருச்சியில வெயில் மண்டையைப் பொளக்கும், ஒரு துளி மழை இருக்காது, ஆறு மட்டும் ஏறும். வானத்தைப் பார்த்து ஆத்தைக் கணக்குப் போடறவன் அங்கதான் ஏமாறுவான். கரையோரம் ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு "ஆத்துல இறங்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டுப் போவாங்க பாருங்க, அது சும்மா சம்பிரதாயம் இல்ல.

ஒரு ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. எங்க விடுதியிலேருந்து அஞ்சு பேர் போனாங்க. நாலு பேர் வந்தாங்க.

நான் இதை விவரமாச் சொல்லப் போறதில்ல, அந்தக் குடும்பம் இருக்கு. ஒரு விஷயம் மட்டும். அவன் மூழ்கினப்போ, இருநூறு அடி தள்ளி ஒருத்தர் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கார். ஆத்தோரத்துலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். இவங்க அவரைக் கூப்பிடலை. ஏன்னா அங்கே குளிக்கத் தடைன்னு போர்டு இருந்தது. கூப்பிட்டா போலீஸுக்குத் தெரிஞ்சிடும், வீட்டுக்குத் தெரிஞ்சிடும், விடுதியில சஸ்பெண்ட் பண்ணிடுவாங்கன்னு பயம். தாங்களே தேடியிருக்காங்க, முக்கால் மணி நேரம். அவரைக் கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பானான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்தப் பசங்க நாலு பேரும் அந்தக் கேள்வியை இன்னைக்கு வரைக்கும் தூக்கிக்கிட்டுத் திரியறாங்க. அவங்க பயந்தது யாருக்கு? எனக்குத்தான். விடுதி விதி எழுதி கையெழுத்துப் போட்டவன் நான்தானே. அன்னையிலேருந்து முதல் நாள் பேச்சுல ஒரு வரி சேர்த்தேன்: "போகக் கூடாத இடத்துக்குப் போய் மாட்டிக்கிட்டீங்கன்னா, முதல்ல கத்துங்க. தண்டனையை அப்புறம் பேசிக்கலாம்."

மூழ்கறவனைக் காப்பாத்தக் குதிக்கிறவனும் சேர்ந்து போறதுதான் அடிக்கடி நடக்கறது. மூழ்கறவன் பயத்துல கழுத்தைப் பிடிச்சுக்குவான், விட மாட்டான். சினிமாவுல வர்ற மாதிரி கையை ஆட்டிக் கத்தவும் மாட்டான், வாய் தண்ணி மட்டத்துல இருக்கும்போது சத்தமே வராது. சும்மா விளையாடறான்னு தோணும். கரையில நின்னு எறியுங்க. வேட்டி, கயிறு, மூடி போட்ட காலி தண்ணி கேன், எது மிதக்குதோ அது. 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல நாலு இளைஞர்கள் தண்ணியில மாட்டிக்கிட்டப்போ, துணி துவைக்க வந்திருந்த மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி ரெண்டு பேரைக் கரையேத்தினாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை. அரசு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்த நேரத்துல மானத்தைப் பத்தி யோசிக்காம கையில இருந்ததை எறிஞ்ச புத்தி இருக்கே, அதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக் கொடுக்காது.

கரைக்குக் கொண்டுவந்த ஆளுக்கு மூச்சு இல்லைன்னா, தலைகீழாப் பிடிச்சுச் சுத்தறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கறது, ரெண்டும் வேண்டாம். வாயோடு வாய் வெச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சுக் கூட்டோட நடுவுல வேகமா அமுக்கணும், நிமிஷத்துக்கு நூறிலேருந்து நூத்தியிருபது தடவை. 108-க்கு இன்னொருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும். இதைக் காதால கேட்டுக் கத்துக்க முடியாது. உங்க கல்லூரியில என்எஸ்எஸ், ஒய்ஆர்சி, என்சிசி ஏதாவது இருந்தா ஒரு நாள் பயிற்சி கேட்டு வாங்குங்க. சென்னைப் பசங்களுக்கு ஒரு வார்த்தை: கடல்ல அலை உடையற ரெண்டு இடத்துக்கு நடுவுல அமைதியா, அலை இல்லாம ஒரு சந்து மாதிரி தெரியும். இறங்க நல்ல இடம்னு தோணும். பெரும்பாலும் அதுதான் தண்ணி கடலுக்குள்ள திரும்பிப் போற வழி. அதுல மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போடாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வாங்க.

மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமாச் சொல்லிடறேன். ஹெல்மெட் பின்னாடி உட்கார்றவங்களுக்கும் சட்டப்படி கட்டாயம். பஸ் படியில தொங்கறதைப் பத்தி நான் சொல்லி நீங்க கேட்கப் போறதில்ல, பையை மட்டுமாவது முதுகுலேருந்து கழட்டி உள்ளே கொடுத்துடுங்க, பக்கத்துல போற லாரியில மாட்டறது அதுதான். தண்ணி சூடு பண்ற ராடை, சுவிட்சை அணைச்சு பிளக்கைக் கழட்டின பிறகுதான் வாளியில கை விடணும். நான் இயற்பியல் வாத்தியார், இதுல விட்டுக்கொடுக்க மாட்டேன். சாலையில விபத்து நடந்தா வீடியோ எடுக்கற கையால 108 அடிங்க. உதவி செய்யறவங்களைப் போலீஸ், கோர்ட்டுன்னு அலைக்கழிக்கக் கூடாதுன்னு 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல திருத்தமே கொண்டுவந்தாச்சு, பேர் சொல்லக் கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வகுப்புல படிக்கற பொண்ணோட படத்தை அவங்களுக்குத் தெரியாம எடுத்து குரூப்ல போடறது குறும்பு இல்ல. மெஸ்ஸுல சோறு போடற அக்காவையும் ராத்திரி வாட்ச்மேன் தாத்தாவையும் 'ஏய்'னு கூப்பிடறவன் முதல் வகுப்புல தேறினாலும் எனக்கு அவன்மேல மரியாதை வந்ததில்ல.

இன்னொண்ணு எனக்கு நெருக்கமானது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

1984. நான் பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம், விடுதி. எந்தக் கல்லூரின்னு வேண்டாம். புதுசா ஒரு பையன் வந்தான், கிராமத்துலேருந்து, தகரப் பெட்டியோட. கொஞ்சம் திக்கிப் பேசுவான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் மூணாவது வருஷத்து ஆட்கள் அவனை மெஸ் மேசைமேல ஏத்தி, ஊர், பேர், அப்பா பேர் எல்லாம் சொல்லச் சொல்வாங்க. அவன் திக்குவான். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சேன். நான் ஒரு தடவை கூட அவனை எதுவும் சொன்னதில்ல, அடிச்சதில்ல. ஆனா மேசைமேல ஏற ஒரு நாள் நாற்காலி எடுத்துப் போட்டது நான்தான். அது நல்ல ஞாபகம் இருக்கு.

ஒரு காலையில பார்த்தா பெட்டி இல்ல. பாய் மட்டும் சுருட்டி வெச்சிருந்தது. ரெண்டு வாரம் கழிச்சு அவன் அப்பா வந்தார், கட்டின டெபாசிட்டைக் கேட்கறதுக்கு. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. ஆபீஸுக்கு வழி கேட்டார், கூட்டிக்கிட்டுப் போனேன். நடந்துக்கிட்டே கேட்டார்: "தம்பி, எம் மவன் இங்க ஏதும் தப்புக் கிப்புப் பண்ணிட்டானா? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறான்." நான் "தெரியலீங்க"ன்னு சொன்னேன். எனக்கு எல்லாம் தெரியும். அன்னைக்காவது சொல்லியிருந்தா அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் பையன்கிட்ட வேற மாதிரி பேசியிருப்பார். அதுவும் செய்யலை. அந்தப் பையன் பேரை வெச்சு நான் பிறகு தேடிப் பார்த்தேன், கிடைக்கலை.

அப்போ ராகிங்குக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. 1996-ல சிதம்பரத்துல ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவரை சீனியர் மாணவர் ஒருத்தர் கொலை செஞ்ச பிறகு, 1997-ல தமிழ்நாட்டுல சட்டம் வந்தது. ரெண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். தண்டிக்கப்பட்டவரைக் கல்லூரியிலேருந்து நீக்கிடுவாங்க, வேற கல்லூரியிலயும் சேர்க்கக் கூடாது. 2009-ல யுஜிசி விதிமுறை வந்தது. சேரும்போது நீங்களும் பெற்றோரும் ஒரு உறுதிமொழி கொடுப்பீங்களே, அது இதுலேருந்து வந்ததுதான், யாரும் படிக்கறதில்ல. படிச்சுப் பாருங்க. அடி உதை மட்டும் ராகிங் இல்ல. ஜூனியரை ரெக்கார்டு எழுத வைக்கறது, செலவு பண்ண வைக்கறது, வார்த்தையால கூனிக் குறுக வைக்கறது எல்லாம் அதுல இருக்கு. உடந்தையா இருக்கறதும் இருக்கு. அதாவது நாற்காலி எடுத்துப் போடறவன். சம்பவம் குற்றம்னு தெரிஞ்சா நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல புகார் பதியணும். 1800-180-5522-க்குப் போன் பண்ணிச் சொல்லலாம், பேர் சொல்லாமலும் சொல்லலாம்.

பெண்களுக்கு நடக்கற தொல்லை பத்தி என்னைவிட எங்க கல்லூரிப் புகார்க் குழுவுல இருந்த மேடம் நல்லாப் பேசுவாங்க. அவங்க எப்பவும் வருத்தப்பட்டுச் சொல்ற ஒண்ணை மட்டும் கடத்தறேன். புகார் கொடுக்க மூணு மாசம்தான் கெடு. காரணம் சொன்னா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். "இன்டர்னல் மார்க் அவர் கையில இருக்கு, செமஸ்டர் முடியட்டும்"னு பல பேர் காத்திருந்து, கெடு தாண்டின பிறகு வருவாங்களாம். எழுதி, தேதி போட்டு, யாராவது ஒருத்தர்கிட்டயாவது காட்டி வையுங்க. மாணவர்கள் விஷயத்துல, ஆணா இருந்தாலும் திருநங்கையா இருந்தாலும் அந்தக் குழுகிட்டப் போகலாம், 2015 யுஜிசி விதிமுறை அப்படித்தான் சொல்லுது.

இப்போ ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பசங்க ஏன் சொல்றதில்ல? நாம முதல்ல திட்டறோம். நானும் செஞ்சிருக்கேன். ஒருத்தன் கடன் ஆப்ல ஐயாயிரம் வாங்கி மாட்டிக்கிட்டு வந்தான். அவன் போட்டோவை அசிங்கமா மாத்தி, போன்ல இருந்த நம்பருக்கெல்லாம் அனுப்பிடுவோம்னு மிரட்டறாங்க. நான் கேட்ட முதல் கேள்வி: "உனக்கு எதுக்குடா ஐயாயிரம்?" முகம் சுருங்கிப் போச்சு. "ஒண்ணுமில்ல சார்"னு போயிட்டான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எழுந்து போய் அவன் ரூம்ல ரெண்டு பசங்களைக் கூடப் படுக்க வெச்சுட்டு, காலையில நானே தேடிப் போய்ப் பேசினேன். அவனுக்கு நல்ல காலம், எனக்கும். எதுக்குக் கடன் வாங்கினான்னு பிறகு தெரிஞ்சது, தங்கச்சிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிச் செலவு. அதுக்கப்புறம் கதவைத் திறந்தா நான் கேட்கறது ஒண்ணுதான்: "சாப்பிட்டியா?" இல்லைன்னா உள்ளே கூப்பிட்டு ஏதாவது கொடுப்பேன். வாயில சோறு இருக்கும்போது நானும் திட்ட முடியாது, அவனும் பொய் சொல்ல முடியாது. காப்பாளர்கிட்டப் போகத் தயக்கமா இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க, மனநல உதவிக்கான இலவச எண், தமிழ்லேயே பேசலாம், எந்த நேரமும்.

நான் ரிடையர் ஆகி, கேட்டை ஒட்டின அந்த வீட்டைக் காலி பண்ணியாச்சு. ஆனா போன் வருது. போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு, அந்த பி.காம் பையனோட ரூம்மேட். இப்போ ஓசூர்ல வேலை. "சார், தங்கச்சி காலேஜ்ல ஒரு சின்ன பிரச்சனை"ன்னான். எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பேனா பேப்பர் எடுத்து வெச்சுக்கிட்டு, "சொல்லுப்பா"ன்னேன். முழுசாக் கேட்டேன். இந்தத் தடவை நிஜமாவே சின்னதுதான். ஐடி கார்டு தொலைஞ்சிருக்கு.